கறுப்புச் சீட்டும் சிவப்புச் சீட்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் நால்வர் நாங்கள். எல்லோரும் ஐந்தாம் லெவல். உருவும் சீட்டுக்கேற்ப நன்மையோ கேடோ தரும் ‘டெக் ஆஃப் மெனி திங்ஸ்’ என்ற மந்திரச் சீட்டுக்கட்டை ஆட்டத்துக்குள் கொண்டுவர ஆசை. தனிக் கட்டு கையில் இல்லை. ஆட்டமே குட்டிச்சுவராகும் என்று ஒரு நண்பர் வேறு மிரட்டுகிறார்.
– வாசகர், ரோஸ் ஹில்

பதில்: தனிக் கட்டு எதற்கு? வீட்டில் ரம்மி ஆடும் கட்டு போதும். நான்கு இனத்திலும் ராஜா, ராணி, ஜாக்கியை எடுத்தால் 12. ஒரு ஜோக்கரைச் சேர்த்தால் 13. இதுதான் சிறிய கட்டு. ஏஸ்கள், ரெண்டுகள், இன்னொரு ஜோக்கர் எல்லாம் சேர்ந்தால் 22 சீட்டுள்ள பெரிய கட்டு. முதல் முறை என்றால் சிறியதோடு நில்லுங்கள். உங்கள் கட்டு பிரெஞ்சு அச்சாக இருந்தால் ஆர் என்பது ராஜா, டி ராணி, வி ஜாக்கி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதியில் தகராறு வராது. மூலை மடங்கிய பழைய கட்டு வேண்டாம். எந்த மடிப்பு எந்தச் சீட்டு என்று உங்கள் ஆட்கள் எப்போதோ மனப்பாடம் செய்திருப்பார்கள்.

2014 விதிப்படி சிறிய கட்டில் சிவப்பு ஆறும் நல்லவை, கறுப்பு ஆறும் கெட்டவை. டைமண்ட் ராஜா சூரியன், ராணி நிலா, ஜாக்கி நட்சத்திரம். ஆர்ட்டினில் அதே வரிசையில் அரியணை, சாவி, குதிரைவீரன். கிளாவரில் வெறுமை, தீ, மண்டையோடு. இஸ்பேடில் அழிவு, யூரியாலி (கிரேக்கப் புராண அரக்கி), துரோகி. ஜோக்கர் கோமாளி: லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி 10,000 வாங்கிக்கொள்ளலாம், அல்லது இன்னும் இரண்டு சீட்டு உருவலாம்.

பலர் தப்பு செய்யும் இடம் ஒன்று உண்டு. உருவிய சீட்டைத் தனியே வைத்துவிடுகிறார்கள். சிறிய கட்டில் கோமாளியைத் தவிர மற்ற எல்லாமே கட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் போட்டு, குலுக்கி, பிறகுதான் அடுத்தவர். இன்னொன்று: எத்தனை சீட்டு என்பதை உருவுமுன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்று என்று சொல்லிவிட்டு, முதல் சீட்டே கறுப்பாக வந்ததும் “போதும்” என்று கையை எடுக்க முடியாது. ஒரு மணி நேரத்துக்குள் அடுத்ததை எடுக்காவிட்டால், மீதிச் சீட்டுகள் தாமாகப் பறந்து வந்து ஒரேயடியாகப் பலித்துவிடும்.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். நால்வரும் ஆளுக்கு ஒன்று உருவினால், யாராவது ஒருவருக்கு உயிரைப் பிரித்துச் சிறைவைக்கும் வெறுமை வர ஏறக்குறைய 27 சதவீத வாய்ப்பு. வெறுமையோ, மரண உருவத்தோடு மோதவைக்கும் மண்டையோடோ வர 49 சதவீதம். காசு சுண்டிப் பார்ப்பது போலத்தான்.

இருந்தாலும் ஆட்டத்தை உண்மையில் கெடுப்பது கறுப்பு அல்ல, சூரியன்தான் என்பது எங்கள் கட்சி. அது 50,000 அனுபவப் புள்ளி தருகிறது. 6,500 புள்ளியோடு ஐந்தாம் லெவலில் இருப்பவர் 56,500க்குப் போனால் ஒரே நொடியில் ஒன்பதாம் லெவல். மற்ற மூவரும் அவருக்குப் பை தூக்க வேண்டியதுதான். ‘சூரியன் என்றால் ஒரு லெவல், கூட ஒரு மந்திரப் பொருள்’ என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். புள்ளி எண்ணாமல் கதையின் போக்கில் லெவல் ஏற்றுபவர்களுக்குக் கோமாளிக்கும் இப்படி ஒரு மாற்று தேவை. சீட்டு வந்த பிறகு விதியை மாற்றினால் அது அழுகுணி ஆட்டம்.

கேள்வி: மண்டையோடு வந்தால் மந்திரவாதி பிழைப்பானா?
– வாசகர், குர்பிப்

பதில்: பயப்படும் அளவுக்கு இல்லை. எதிரே வரும் மரண உருவத்தின் கவச எண் (அடி படாமல் காக்கும் அளவு) 20, அடி தவறாது, ஒரு வீச்சுக்குச் சராசரி 11 சேதம். ஆனால் அதன் உயிர்ப்புள்ளி உங்களுடைய முழு அளவில் பாதிதான். 27 உள்ள மந்திரவாதிக்கு எதிரே 13. கவசத்தைச் சட்டை செய்யாத மேஜிக் மிசைல் என்ற அம்பு மந்திரத்தை மூன்றாம் நிலையில் ஏவினால் ஐந்து அம்பு, சராசரி 17. பெரும்பாலும் ஒரே சுற்றில் கதை முடியும். வாளை நம்பும் வீரருக்குத்தான் இழுபறி.

பக்கத்தில் நிற்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். உதவப் போனவருக்கும் தனியாக ஓர் உருவம் வரும். அந்த உருவத்தின் கையால் செத்தவரை எந்த மந்திரமும் எழுப்பாது.

கேள்வி: என் தங்கைக்கு வெறுமை வந்துவிட்டது. இரண்டு வாரமாக மேசையில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.
– வாசகி, குவாத்ர் போர்ன்

பதில்: தப்பு சீட்டில் இல்லை, ஆட்டம் நடத்துபவரிடம். உடல் அங்கேயே செயலற்றுக் கிடக்கும். உயிர் எங்கோ காவலுள்ள ஒரு பொருளுக்குள் சிறைப்பட்டிருக்கும். விரும்பியதை வேண்டும் விஷ் மந்திரத்தால்கூட உயிரை மீட்க முடியாது, அது இருக்கும் இடத்தை மட்டும் தெரிந்துகொள்ளலாம். ஆகவே இனி கதை மீட்புப் பயணம்தான். இடத்தின் துப்பு அடுத்த ஆட்டத்திலேயே கிடைக்கட்டும், மூன்று ஆட்டத்துக்குள் மீட்பு முடியட்டும். அதுவரை தங்கைக்கு வேறு பாத்திரம் கொடுங்கள். யாருக்காவது குதிரைவீரன் வந்திருந்தால், பணிசெய்ய வந்த அந்த நாலாம் லெவல் வீரனையே அவள் ஆடலாம். நாங்களானால் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே அந்தச் சிறைக்கு ஒரு வரைபடம் போட்டு வைத்திருப்போம்.

கேள்வி: அழிவுச் சீட்டு வந்தது. மந்திர வாளும் போய்விடுமா?
– வாசகர், போர்ட் லூயிஸ்

பதில்: போகாது. காசு, வீடு, நிலம், தொழில் எல்லாம் போகும். மந்திரப் பொருள் தங்கும். பெரிய கட்டில் உள்ள கிளாவர் ஏஸ், அதாவது நகங்கள், வந்தால்தான் மந்திரப் பொருள் தூளாகும்.

கேள்வி: பகடையில் விழும் எண்ணுக்கேற்ப ஏதாவது ஒரு மந்திரத்தை ஏவும் வாண்ட் ஆஃப் வொண்டர் கோலால் என் கூட்டாளிகளே அடி வாங்குகிறார்கள். அட்டவணை பார்ப்பதிலேயே நேரமும் போகிறது.
– வாசகர், ரோஸ் ஹில்

பதில்: கோல் 120 அடி வரை எட்டும்போது பக்கத்து எதிரியை ஏன் குறிவைக்கிறீர்கள்? அட்டவணையில் வரும் தீப்பந்து 20 அடி ஆரம், 600 பட்டாம்பூச்சி மேகம் 30 அடி ஆரம். கூட்டாளிகளிடமிருந்து 30 அடிக்கு மேல் தள்ளி நிற்கும் எதிரியாகப் பாருங்கள். அட்டவணையின் நகல் கோல் வைத்திருப்பவர் கையில் இருக்கட்டும், ஒன்று முதல் நூறு வரை எண் தரும் பகடையை உருட்டி அவரே படித்துச் சொல்லட்டும்.

கேள்வி: சீட்டுகளைத் தமிழில் அச்சிட்டுத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தரலாமா?
– ஆசிரியை, போ பாசேன்

பதில்: தரலாம். எஸ்.ஆர்.டி. 5.1 என்ற அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. இந்தச் சீட்டுக்கட்டும் அதில் உண்டு. மொழிபெயர்க்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். தொகுப்பில் கொடுத்துள்ள உரிமக் குறிப்பைச் சேர்த்து, மாற்றம் செய்திருப்பதையும் குறிப்பிட வேண்டும். படங்களை மட்டும் விளையாட்டின் விதிப்புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள், அவை இந்த உரிமத்தில் இல்லை. பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள்.