ராகம் தெரியாதவள் விமர்சனம் செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், ஐ.டி. வேலை. எங்கள் செட்டில் ஐந்து பேர், எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். சினிமாப் பாட்டு நிகழ்ச்சி, ராக் ஷோ, ராமநவமி சமயத்தில் கர்நாடகக் கச்சேரி என்று எதையும் விடமாட்டோம். முடிந்ததும் தோசை சாப்பிட்டபடி அதைப் பற்றிப் பேசுவதுதான் எங்களுக்குப் பெரிய சந்தோஷம். புது ஆல்பம் வந்தால் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் விவாதம் தொடங்கிவிடும். போன மாதம் அரண்மனை மைதானத்தில் ஒரு பிரபல பாடகரின் நிகழ்ச்சி. "குரலே போயிடுச்சு, பாதிப் பாட்டு கன்னடம், காசு வேஸ்ட்" என்றேன். அவருடைய தீவிர ரசிகையான என் தோழி சாப்பாட்டை விட்டு எழுந்து போய்விட்டாள். இன்றுவரை பேசவில்லை. இன்னொரு நண்பர், "ராகம் தெரியாதவங்க எல்லாம் விமர்சனம் பண்ணக் கிளம்பிட்டாங்க" என்றார். இனி வாயைத் திறக்காமல் கேட்டுவிட்டு வருவதுதான் நல்லதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

வாயைத் திறக்காமல் எல்லாம் இருக்க வேண்டாம். டிக்கெட் வாங்கி, இந்த ஊர் டிராஃபிக்கைத் தாண்டிப் போய், மூன்று மணி நேரம் காதைக் கொடுத்தவருக்குக் கருத்துச் சொல்ல முழு உரிமை உண்டு. ராகம் தெரிந்தால் கூடுதலாகச் சில விஷயங்கள் பிடிபடும், அவ்வளவுதான். சுருதி விலகினால் காதில் உறுத்துவதற்கும், மிருதங்கம் குரலை அமுக்குகிறது என்று உணர்வதற்கும் மேளகர்த்தா என்னும் 72 தாய் ராகங்களும் மனப்பாடமாக வேண்டியதில்லை. அந்த நண்பரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் அன்று சொன்னதில் ஒரு குறை இருக்கிறது. உங்கள் காதில் என்ன விழுந்தது என்பதே அதில் இல்லை. எந்தப் பாட்டில் குரல் தடுமாறியது? மேல் ஸ்தாயிக்குப் போகும்போதா, வேகமான வரியில் மூச்சு போதாமலா? அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: நீங்கள் எங்கே நின்று கேட்டீர்கள்?

இது சின்ன விஷயமில்லை. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். திறந்த மைதானத்தில் மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால், பாடகர் வாயசைப்பது திரையில் தெரிந்து கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நொடி கழித்துத்தான் குரல் வந்து சேரும். பின்னால் நிற்பவர்களுக்கும் சத்தம் குறையாமல் கேட்க நடுவில் கம்பம் நட்டு இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வைப்பார்கள்; மேடையிலிருந்து வரும் ஒலியோடு அது ஒன்றாக விழ, அதில் ஒலியைக் கணக்காகத் தாமதப்படுத்தி விடுவார்கள். அந்தக் கணக்கு பிசகினால் ஒவ்வொரு வார்த்தையும் இரட்டையாக விழும். காற்று திசை மாறினால்கூடப் பின்னால் நிற்பவருக்குச் சத்தம் ஏறி இறங்கும். இன்னொரு பக்கம், முன்வரிசையில் ஓரமாக இடம் பிடித்தவருக்கு ஒரு பக்கத்து ஸ்பீக்கரின் பேஸ், அதாவது கனத்த கீழ் ஒலி, நெஞ்சில் வந்து இடிக்கும், பாட்டு வரி காதில் ஏறாது. சவுண்ட் இன்ஜினியரின் மேஜை பெரும்பாலும் கூட்டத்தின் நடுவில், மேடையைப் பார்த்தபடி இருக்கும். அவர் தன் காதுக்கு எது சரியோ அதைத்தான் சரிசெய்கிறார். அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்றவர் கேட்டதும், உணவுக் கடைகள் பக்கம் நின்றவர் கேட்டதும் ஒரே நிகழ்ச்சி இல்லை.

மண்டபத்திலும் இதே கதைதான். ஆழமான பால்கனிக்குக் கீழே கடைசி வரிசைகளில் உட்கார்ந்தால் ஒலி மங்கித்தான் வரும். மைக் இல்லாத காலத்தில் இந்தக் கவலை வித்வான்களுக்கே இருந்தது. மைசூர் டி.சௌடய்யா ஏழு தந்தி வயலின் வாசித்ததே, கடைசி வரிசைக்கும் நாதம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான். மல்லேஸ்வரம் பக்கத்தில் வயலின் வடிவில் நிற்கிறதே, 1980-ல் திறந்த சௌடய்யா நினைவு மண்டபம், அது அவர் பெயரில் இருப்பது எவ்வளவு பொருத்தம்!

அடுத்த முறை கர்நாடகக் கச்சேரிக்குப் போனால், வழக்கமாகத் தொடக்கத்தில் வரும் வர்ணத்தின்போது வித்வான்களின் கைகளைக் கவனியுங்கள். வயலின்காரர் வில்லைப் பிடித்தபடியே ஒரு விரலை மேலே காட்டுவார்: எனக்குச் சத்தம் ஏற்று என்று சவுண்ட்காரருக்குச் சொல்கிறார். பாடுபவர் மிருதங்கத்தின் பக்கம் கையைத் தாழ்த்திக் காட்டுவார். மூன்றாவது உருப்படி வந்தும் இந்தச் சைகை நிற்கவில்லை என்றால், மேடையில் இருப்பவர்களுக்கே தங்கள் குரலும் வாத்தியமும் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம். அன்று பாடகர் கத்திப் பாடினார் என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

கன்னடப் பாட்டு விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இது கன்னடர்களின் ஊர். நாம் இங்கே வந்து பிழைக்கிறோம். எஸ்.பி.பி.யும் எஸ்.ஜானகியும் நமக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு கன்னட ரசிகர்களுக்கும் சொந்தம். பக்கத்தில் நின்றவர் கண்ணை மூடி ஒரு கன்னடப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தால் அவரும் உங்களைப் போலவே காசு கொடுத்து வந்தவர்தான். முழுக்கத் தமிழ்ப் பாட்டு என்று விளம்பரம் செய்துவிட்டு மாற்றியிருந்தால் அமைப்பாளர்களிடம் கேளுங்கள், நியாயம். நிகழ்ச்சி சட்டென்று முடிந்துபோனாலும் பாடகரைக் குறை சொல்லாதீர்கள். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, சிறப்பு அனுமதி இல்லாவிட்டால் திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும்.

சரி, எப்படித்தான் பேசுவது? சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானத்தில் ராமநவமிக் கச்சேரிகள் நடக்குமே, 1939-லிருந்து வருகிற வழக்கம், அங்கே ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். சட்டைப்பையில் சின்ன டைரி. ஒவ்வொரு உருப்படி முடிந்ததும் பாட்டு, ராகம், எத்தனை நிமிடம் என்று பென்சிலால் ஒரு வரி. சில வரிகளுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு புள்ளி. அது எதற்கு என்று கேட்டேன். "வீட்டுக்குப் போயும் விடாம காதுல இருக்கும்மா இதெல்லாம்" என்றார். நீங்களும் போனில் நாலு வரி எழுதிவையுங்கள். எங்கே நின்றீர்கள், எந்தப் பாட்டு பிடித்தது, எது சலிப்பாக இழுத்தது. ராகத்தின் பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

ஆல்பத்துக்கும் இதையேதான் சொல்வேன். வந்த அன்றே போன் ஸ்பீக்கரில், ஷஃபிளில் ஒரு தடவை ஓடவிட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் சண்டைக்குப் போகாதீர்கள். நல்ல ஹெட்போனில் வரிசைப்படி முழுசாகக் கேளுங்கள், இரண்டு நாள் விட்டு இன்னொரு தடவை கேளுங்கள். ரசிகரின் கூர்மையான காது என்ன செய்யும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்க மெட்டல் இசைக்குழு மெட்டாலிகா. 2011-ல் இதே அரண்மனை மைதானத்தில் வாசித்தார்களே, அவர்கள்தான். 2008-ல் வந்த அவர்களுடைய 'டெத் மேக்னெடிக்' ஆல்பத்தில் சத்தத்தை ஒரேயடியாக ஏற்றி, ஒலி பிசிறடிக்கும்படி ஆக்கியிருந்தார்கள். அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ வீடியோ கேமில் தெளிவாக இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள் ரசிகர்கள். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டு மறுபடி மிக்ஸ் செய்யச் சொன்னார்கள். "ஆல்பம் வேஸ்ட்" என்று மட்டும் சொல்லியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி உங்கள் தோழி. எனக்கு அவரைப் பற்றித்தான் அதிகக் கவலை. பிடித்த பாடகரைப் பல வருஷம் மனதில் வைத்திருந்து, நேரில் பார்த்துவிட்டு, நெஞ்சு நிறைந்து வெளியே வந்திருக்கிறார். அந்த அரை மணி நேரத்தில் "காசு வேஸ்ட்" என்ற சொல் அவருடைய ரசனையையே கேலி செய்ததாக விழுந்திருக்கும். விமர்சனத்தை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். அன்று இரவு தோசையோடு பிடித்ததை மட்டும் பேசுங்கள். ஐந்து பேரில் யாருக்காவது ஏதாவது பிடித்திருக்கும்.

இந்த வாரமே அவருக்குப் போன் செய்யுங்கள். மெசேஜ் வேண்டாம், குரல் கேட்கட்டும். "அப்படிச் சொன்னது தப்பு, உன்னைப் புண்படுத்திட்டேன்" என்று நேராகச் சொல்லுங்கள். குரல் நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல வேண்டாம், அது அவருக்குப் புரிந்துவிடும். அப்புறம், அன்று அவருக்கு எந்தப் பாட்டு அதிகம் பிடித்தது, எந்த இடத்தில் மனசு நின்றது என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் முழுசாகக் கேளுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுக்கும்போது இடத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.