நியூட்ரினோ கேள்வி-பதில்

கே: நியூட்ரினோ (எதனோடும் அரிதாகவே மோதும், மின்னூட்டமற்ற நுண்துகள்) தள்ளிவிடும் எலக்ட்ரானுக்கு 0.26 எம்.இ.வி. (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், ஆற்றல் அலகு) இருந்தாலே நீரில் செரென்கோவ் ஒளி (நீரில் ஒளியைவிட வேகமாகப் போகும் மின்துகள் தரும் ஒளி) வரும். ஜப்பானின் நிலத்தடி நீர்த்தொட்டிக் கருவியான சூப்பர்-காமியோகாண்டேயில் சூரிய நியூட்ரினோ அளவீடு ஏன் 3.5 எம்.இ.வி.யில் தொடங்குகிறது?

ப: ஒளி பிறந்தால் போதாது, நிகழ்வாகத் தேற வேண்டும். 50,000 டன் நீர், 11,000 ஒளிப்பெருக்கிக் குழாய்கள் (மங்கலான ஒளியை மின்துடிப்பாக்குபவை) இருந்தும் ஒரு எம்.இ.வி.க்கு ஆறு குழாய்தான் ஒளியைப் பிடிக்கும். குழாய்களில் ஒளியின்றித் தானாக எழும் இருட்டுத் துடிப்பில் அது மூழ்கிவிடும். போதாததற்கு, நீரில் கரைந்த கதிரியக்க வாயுவான ரேடானிலிருந்து வரும் பிஸ்மத்-214-இன் பீட்டா (எலக்ட்ரான்) 3.3 எம்.இ.வி. வரை எட்டும். கண்ணாடிபோல் தெளிந்த நீர் போதாது, ரேடானை நீக்குங்கள்.

கே: ஒரு நியூட்ரினோவை நிறுத்த எவ்வளவு ஈயம் வேண்டும்?

ப: எந்த ஆற்றலில்? அதை எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? அணு உலை ஆற்றலில் ஒரு ஒளியாண்டு அளவு. 40 டி.இ.வி.க்கு (ஒரு டி.இ.வி. பத்து லட்சம் எம்.இ.வி.) மேலே பூமியே தடுக்கத் தொடங்கிவிடும்.

கே: அலைவுக்கு (நியூட்ரினோ ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையாக மாறுவதற்கு) 2015-இல் நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள். எலக்ட்ரான் நியூட்ரினோவின் நிறை எவ்வளவு?

ப: கேள்வியே தவறு. எலக்ட்ரான், மியூவான், டௌ மூன்றுக்கும் தனித்தனி நிறை போட்ட அட்டவணையை இன்னும் எத்தனை பாடநூல்களில் அச்சிடப் போகிறார்கள்? இவை வகைகள். திட்டமான நிறை உள்ளவை 1, 2, 3 என்ற நிலைகள். ஒவ்வொரு வகையும் இம்மூன்றின் கலவை. அந்தக் கலவையால்தான் அலைவே நடக்கிறது.

அலைவு தருவது நிறைவர்க்கங்களின் வித்தியாசம் மட்டும்: 0.000075, 0.0025 (எலக்ட்ரான் வோல்ட் வர்க்கத்தில்). இரண்டாவதன் வர்க்கமூலத்தை எடுத்தால், மிகக் கனமானது குறைந்தது 0.05 எலக்ட்ரான் வோல்ட். இது கீழ் எல்லைதான், நிறை அல்ல. மேல் எல்லைக்கு டிரிடியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) பீட்டாச் சிதைவின் முனையை, அதாவது எலக்ட்ரானின் உச்ச ஆற்றலான 18.6 கே.இ.வி.யை (கே.இ.வி. ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்) பார்க்க வேண்டும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உள்ள கட்ரின் சோதனை 2025-இல் வெளியிட்ட எல்லை 0.45 எலக்ட்ரான் வோல்ட், அதுவும் கலவைக்கேற்ற சராசரிக்கு. மூன்றாம் நிலை மற்ற இரண்டைவிடக் கனமா லேசா என்பதே இன்னும் முடிவாகவில்லை. சீனாவின் ஜூனோ கருவி அணு உலைகளிலிருந்து 53 கி.மீ. தள்ளி, துகள் பட்டால் ஒளிரும் 20,000 டன் மினுக்கொளித் திரவத்தோடு நிற்பது அதற்காகத்தான்.

கே: 2011-இல் ஒளியின் வேகத்தை மிஞ்சியதாகச் சொன்ன நியூட்ரினோ என்ன ஆயிற்று?

ப: சரியாகச் செருகாத ஒளியிழை இணைப்பான். 60 நானோ நொடி முந்தி வந்ததாகத் தோன்றியது அதனால்தான்.

கே: கடோலினியம் என்ற உலோகத்தை ஏன் சூப்பர்-காமியோகாண்டேயின் நீரில் கலக்கிறார்கள்?

ப: எதிர்நியூட்ரினோ புரோட்டானில் மோதினால் பாசிட்ரானும் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) நியூட்ரானும் வரும். நியூட்ரானை ஹைட்ரஜன் பிடித்தால் 2.2 எம்.இ.வி. காமா, நீரில் அது அநேகமாகத் தெரியாது. கடோலினியம் பிடித்தால் காமா மொத்தம் 8 எம்.இ.வி., அது தெரியும். எடையில் 0.01 சதவீதமே பாதி நியூட்ரான்களைப் பிடித்துவிடும்.

கே: தேனி பொட்டிப்புரத்துக்குத் திட்டமிட்ட கருவியால் சூரியனை ஆராயலாமா?

ப: முடியாது. 5.6 செ.மீ. இரும்புத் தகடுகள் சிலவற்றையாவது நியூட்ரினோ மோதலில் பிறக்கும் மியூவான் கடக்க ஒரு ஜி.இ.வி. (ஆயிரம் எம்.இ.வி.) அளவு வேண்டும், சூரியன் தருவது 20 எம்.இ.வி.க்குள். அது வளிமண்டல நியூட்ரினோவுக்கான (விண்கதிர்கள் காற்றில் மோதிப் பிறப்பவை) வடிவமைப்பு. மறுபடியும் சொல்கிறேன்: ஆற்றல் எவ்வளவு, நியூட்ரினோவா எதிர்நியூட்ரினோவா, இரண்டையும் எழுதி அனுப்புங்கள்.