முற்றத்தை நான்காக வெட்டாதீர்கள்

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் அப்பா விட்டுப்போன 24 பேர்ச்சஸ் காணியில், நடுவே பொது முற்றம் விட்டு நான்கு வரிசை வீடுகள் கட்டப்போகிறோம். மூன்றில் சகோதரர்கள் நாங்கள் இருப்போம், நான்காவது விற்பனைக்கு. முற்றத்தையும் வீட்டுக்கொரு பேர்ச்சாக உறுதியில் சேர்த்தால் விலை ஏறும் என்கிறார் தரகர். சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு பேர்ச் என்பது பதினாறரை அடிச் சதுரம். நான்கும் சேர்ந்தால் 33க்கு 33 அடி. நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டிய நாற்சார் வீட்டில் வளர்ந்தவருக்கு அதன் அருமை தெரியும். நான்காகக் கிழித்தால் ஆளுக்கொரு கார் நிறுத்தும் இடம்தான் மிஞ்சும். கார் வந்தால் பின்னாலேயே தகரக் கூரை வரும். நான் வரைந்த ஒரு வளவில் அப்படி வந்த தகரத்தால், எதிர்வீட்டுக் குசினியில் காலை பத்து மணிக்கு விளக்குப் போட்டுத் தேங்காய் திருவினார்கள். உறுதியைக் காட்டி, "என் காணி" என்றார் கார்க்காரர்.

தரகருக்கு இதில் என்ன அக்கறை? விலை ஏறினால் தரகும் ஏறும். வெளிச்சம் போவது உங்களுக்கு. "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வெற்றுத்தாளில் கையொப்பம் கேட்டால் வாசலைக் காட்டுங்கள்.

தொடர்மாடிகளுக்குச் செய்வதுபோல, 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி கொண்டோமினியம் திட்டமாகப் பதியுங்கள். முற்றம் பொதுப் பகுதியாகிவிடும். வீட்டோடுதான் கைமாறும், தனியே விற்க முடியாது. அலைச்சல் உண்டு. ஓர் அலுவலகம் கேட்கும் கடிதத்தைத் தருவதற்கு மற்ற அலுவலகம் முதல் அலுவலகத்தின் கடிதத்தைக் கேட்கும். முப்பது வருடமாக இந்தக் கூத்தைப் பார்க்கிறேன்.

நான்காவதையும் விற்காவிட்டால்? காணி பொதுவிலேயே கிடக்கலாம். ஆனால் சகோதரரில் ஒருவர், தனக்காக இன்னொருவர் கையெழுத்திடலாம் என்ற அற்றோணித் தத்துவத்தைக் கனடாவிலிருந்து அனுப்பியிருந்தால் கவனம். அவர் காலமானால் தத்துவமும் முடிந்தது, பங்கு வாரிசுகளுக்குப் போய்விடும். முற்றத்தில் ஒருநாளும் விளையாடாத பிள்ளைகள். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டப்படி, எவ்வளவு சிறிய பங்காளியும் காணியைப் பிரிக்கக் கேட்டு வழக்குப் போடலாம். அண்ணன் தம்பி வாய்ப்பேச்சு அங்கே எடுபடாது; உடன்பாட்டை எழுத்தில் போட நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும்.

வடிகாலையும் அதே எழுத்தில் சேருங்கள். நான்கு கூரைப் பீலிகளின் தண்ணீரும் முற்றத்தில்தான் விழும். தேங்கி நுளம்புக் குடம்பி கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் யார் பொறுப்பு என்று கேட்பார். ஒவ்வொரு வீட்டாரும் மற்ற மூன்று வீட்டையும் காட்டுவீர்கள்.