பைபிளில் நிற்காத கை: 'மாக்கிங்பேர்ட்' நாவல் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பலருடைய பையில் இந்த நாவல் இருக்கும்: ஹார்ப்பர் லீ எழுதி 1960இல் வந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. 1930களின் அலபாமாவில், மேகோம்ப் என்ற கற்பனை ஊரில் நடக்கும் கதை. ஸ்கவுட் என்ற சிறுமி சொல்கிறாள். அவளுடைய அப்பா அட்டிகஸ் ஒரு வக்கீல். வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகப் பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளிக்காக அவர் வாதாடித் தோற்கிறார். நியூ ஜெர்சியில் 14 ஆண்டுகளாக இதை வகுப்பில் நடத்தி வருகிறேன். நம் பெற்றோர்களும் பிள்ளைகளும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

டல்லாஸிலிருந்து ஓர் அம்மா: டீச்சர், என் மகன் இதைப் படித்து முடித்து இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. "டாம் ஏன் சாகணும்?" என்று மட்டும் ஒருமுறை கேட்டான். அவனை எப்படித் தேற்றுவது?

உடனே தேற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில். தீர்ப்பு வந்த இரவில் ஸ்கவுட்டின் அண்ணன் ஜெம்மும் அழுகிறான். அட்டிகஸ் அவனிடம் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதில்லை. இப்படி முன்பும் செய்தார்கள், இன்றும் செய்தார்கள், இனியும் செய்வார்கள், அப்போதெல்லாம் குழந்தைகள் மட்டும்தான் அழுகிறார்கள் போலிருக்கிறது என்ற பொருளில் பேசுகிறார். உங்கள் மகன் அந்த வரிசையில்தான் நிற்கிறான். அது நல்ல இடம்.

இந்தப் புத்தகத்தை நடத்தும்போது எனக்குப் பயம் தருவது அழுகிற பிள்ளை இல்லை. "அந்தக் காலத்தில் அப்படி இருந்தது, இப்போது மாறிவிட்டது" என்று இரண்டே வரியில் முடித்துக்கொள்கிற பிள்ளைதான். உங்களால் முடிந்தால் நீங்களும் அந்த 24ஆம் அத்தியாயத்தைப் படியுங்கள். டாம் செத்த செய்தி வரும்போது முன்னறையில் பெண்கள் தேநீர் விருந்தில் இருக்கிறார்கள். அட்டிகஸ் சமையலறைக்கு வந்து சொல்கிறார்: சிறைவேலியில் ஏறித் தப்பப் பார்த்தான், சுட்டார்கள். உடம்பில் 17 குண்டுக் காயங்கள். சில நிமிடத்தில் ஸ்கவுட் தட்டை எடுத்துக்கொண்டு மறுபடி விருந்தாளிகளுக்குப் பலகாரம் நீட்டப் போகிறாள். "அந்தத் தட்டை அவள் எப்படித் தூக்கினாள்?" என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கிருந்து தானாக வரும்.

பத்தாம் வகுப்பு மாணவி, எடிசன்: மிஸ், "அட்டிகஸ் ஒரு ஹீரோவா?" என்று கட்டுரை எழுதணும். எல்லாரும் ஆமாம் என்றுதான் எழுதுகிறார்கள். நான் இல்லை என்று எழுதினால் மதிப்பெண் குறையுமா?

ஆதாரம் காட்டி எழுதினால் குறையாது. ஆனால் ஆமாம், இல்லை என்று முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு வேலை செய். டாம் வாய் திறந்து பேசுகிற பக்கங்களை மட்டும் எண்ணிப் பார். இத்தனை பெரிய நாவலில் அவன் மனம்விட்டுப் பேசுவது கிட்டத்தட்ட ஒரே அத்தியாயத்தில், அதுவும் சாட்சிக் கூண்டில் நின்று, பிறர் கேட்ட கேள்விக்குப் பதிலாக. அவன் வீட்டுக்குள் என்ன நடக்கிறது, மனைவி ஹெலனிடம் என்ன பேசுவான் என்று நமக்குத் தெரியாது. அவன் சாவைக்கூட நாம் பார்ப்பதில்லை, காதால்தான் கேட்கிறோம்.

அந்த அத்தியாயத்தின் தொடக்கத்தை மெதுவாகப் படி. சிறுவயதில் பருத்தி அரைக்கும் எந்திரத்தில் சிக்கியதால் டாமின் இடது கைக்கு உயிர் இல்லை. சத்தியம் செய்ய அந்தக் கையை பைபிள் மேல் வைக்க வேண்டும். வலது கையால் இடது கையைத் தூக்கி வைக்கிறான். வலது கையை உயர்த்தியதும் இடது கை வழுக்கி மேசையில் விழுகிறது. திரும்பவும் வைக்கப் பார்க்கிறான். போதும் டாம் என்கிறார் நீதிபதி. புகார் சொன்ன வெள்ளைக்காரப் பெண் மயெல்லாவின் முகத்தில் வலப்பக்கம்தான் அடி. அடித்தவன் இடது கைக்காரனாக இருக்க வேண்டும் என்பதை அட்டிகஸ் ஏற்கெனவே நிறுவிவிட்டார். ஆக, வழக்கு அந்த ஒரு நொடியிலேயே முடிந்துவிட்டது. அத்தனை பேர் கண்ணெதிரே முடிந்தும் தண்டிக்கிறார்கள்.

அட்டிகஸ் நல்ல மனிதர். எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் அந்த ஊரில் நல்லவராக இருக்க அவரால் முடிந்தது, டாமால் முடியவில்லை. மயெல்லா மேல் பரிதாபப்பட்டு உதவினேன் என்று டாம் சொன்னதும் நீதிமன்றமே முகம் சுளிக்கிறதே, கவனித்தாயா? வெள்ளைக்காரி மேல் கறுப்பன் இரக்கப்படலாமா என்பதுதான் அவர்கள் கோபம். உன் கட்டுரையை அங்கே தொடங்கலாம்.

சான் ஹோசேயிலிருந்து ஓர் அப்பா: இது நிஜமாக நடந்த கதையா?

நேரடியாக இல்லை. ஆனால் லீ வளர்ந்த மன்ரோவில் என்ற அலபாமா ஊரின் சாயல் மேகோம்பில் இருக்கிறது. அவருடைய அப்பாவும் வக்கீல். 1919இல் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு கறுப்பினத்தவருக்காக வாதாடினார். இருவரையும் தூக்கிலிட்டார்கள்.

ஸ்காட்ஸ்பரோ வழக்கையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1931 மார்ச்சில், அலபாமாவில் ஒரு சரக்கு ரயிலில் வந்த ஒன்பது கறுப்பினப் பையன்கள் மேல் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் பலாத்காரப் புகார் சொன்னார்கள். முழுக்க வெள்ளையர் இருந்த ஜூரி எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1933இல் அந்தப் பெண்களில் ஒருவரே நீதிமன்றத்துக்கு வந்து அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார். அதன் பிறகும் ஜூரி தண்டித்தது. கறுப்பினத்தவரை ஜூரியில் சேர்க்காமல் ஒதுக்கியது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1935இல். நாவலில் டாமின் விசாரணை நடப்பதும் அதே ஆண்டுதான். அந்தப் பையன்களில் கடைசி மூவருக்கு அலபாமா மன்னிப்பு வழங்கியது 2013இல். அப்போது அவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

அட்லாண்டாவிலிருந்து ஒரு மாணவர்: வகுப்பில் சத்தமாகப் படிக்கும்போது கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்த 'என்' (N) சொல் வந்தால் என்ன செய்வது?

சொல்லாதே. என் வகுப்பில் யாரும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை. அந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்திவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கறுப்பின மாணவி வகுப்பு முடிந்ததும் வந்து, "நீங்கள் நிறுத்தும்போதெல்லாம் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து முதல் நாளே பேசிவிடுகிறேன்: நிறுத்தும்போது எல்லாரும் புத்தகத்தைப் பார்க்க வேண்டும், யார் முகத்தையும் பார்க்கக் கூடாது.

சியாட்டிலிலிருந்து ஓர் அம்மா: எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளி மாவட்டத்தில் இதை நீக்கிவிட்டார்களாமே? நல்ல புத்தகத்தை ஏன் தடை செய்கிறார்கள்?

நீங்கள் சொல்வது முக்கில்டியோ என்று நினைக்கிறேன். 2022இல் அங்கே நடந்தது தடை இல்லை. ஒன்பதாம் வகுப்பின் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், விரும்பும் ஆசிரியர் நடத்தலாம். கேட்டதும் ஆசிரியர்கள்தான். கறுப்பினப் பாத்திரங்களுக்கு உள்ளே ஒரு வாழ்க்கையே காட்டப்படவில்லை, வெள்ளைக்காரர் ஒருவர் காப்பாற்ற வருகிற கதையாக இருக்கிறது என்பது அவர்கள் குறை. அதில் நியாயம் உண்டு.

1966இல் வர்ஜீனியாவின் ஹனோவர் கவுண்டியில் நடந்தது வேறு. ஒழுக்கக்கேடான புத்தகம் என்று பள்ளி வாரியம் நீக்கியது. லீ ஒரு செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதி, வாரியத்தாரை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கச் செலவுக்கு என்று சிறு தொகையும் அனுப்பினார். இரண்டு எதிர்ப்பையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஒன்று உண்மை வெளியே வருகிறதே என்ற பயம். மற்றது உண்மை போதவில்லையே என்ற குறை. நான் இன்னும் நடத்துகிறேன், ஆனால் இதை மட்டும் தனியாக நடத்துவதில்லை.

மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: அம்மா, படிக்கப் படிக்க நம் ஊர்ச் சாதிக் கொடுமைதான் கண்முன் வந்தது. இரண்டும் ஒன்றுதானா?

ஐயா, வரலாறு வேறு, வலி பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. 1959இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் அதிர்ச்சியாக இருந்தது, பிறகு அது உண்மைதான் என்று உணர்ந்தேன் என 1965இல் ஒரு பிரசங்கத்தில் அவரே சொன்னார்.

என் வகுப்பில் ஒரு தமிழ்ப் பையன், நீதிமன்றத்தில் கறுப்பினத்தவர் மாடியில் மட்டும் உட்காரும் காட்சியைப் படித்துவிட்டு, பாட்டி ஊர் டீக்கடையில் முன்பு இருந்த இரட்டைக் குவளையைப் பற்றி எழுதினான். நன்றாக எழுதியிருந்தான். பக்கத்து மேசைப் பெண், "உன் தாத்தா எந்தக் குவளையில் குடித்தார்?" என்று கேட்டாள். அவன் அதை யோசித்ததே இல்லை. அன்று மாலை பாட்டிக்கு போன் போட்டிருக்கிறான். என்ன பதில் வந்தது என்று அவன் வகுப்பில் சொல்லவில்லை. ஆனால் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய், வேறு மாதிரி எழுதிக் கொடுத்தான்.

ஆஸ்டினிலிருந்து ஓர் அப்பா: படம் பார்த்தால் போதாதா?

1962இல் வந்த படம் நல்ல படம், கிரெகரி பெக்குக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. ஆனால் அட்டிகஸ் வீட்டில் வேலை செய்யும் கறுப்பினப் பெண் கல்பூர்னியா பிள்ளைகளைத் தன் தேவாலயத்துக்குக் கூட்டிப்போகும் காட்சி அதில் இல்லை. அங்கே எழுத்துத் தெரிந்தவர்கள் நாலே பேர், பாட்டுப் புத்தகம் ஒன்றே ஒன்று. ஒருவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, சபை கேட்டுப் பாடுகிறது. கல்பூர்னியா அங்கே வேறு மாதிரி ஆங்கிலம் பேசுகிறாள். ஏன் இரண்டு பேச்சு என்று ஸ்கவுட் கேட்கிறாள். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பேசும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி சட்டென்று புரியும். அதற்காகவாவது புத்தகம் படிக்கட்டும்.

பாஸ்டனிலிருந்து ஒரு மாணவி: இதற்கு அப்புறம் என்ன படிக்கலாம், அக்கா?

மில்ட்ரெட் டி. டெய்லர் 1976இல் எழுதிய 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை'. அதே 1930கள், மிசிசிப்பி. இங்கே கதை சொல்வது காசி லோகன் என்ற ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுமி.

தொடக்கத்திலேயே ஒரு காட்சி. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்குப் பாடப்புத்தகம் வந்திருக்கிறது, எல்லாம் வெள்ளையர் பள்ளி கழித்துவிட்டவை. ஆறு வயதுத் தம்பிக்கு உடை, கை எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். அவன் ஆசையோடு அட்டையைத் திறக்கிறான். உள்ளே ஒரு பட்டியல்: எப்போது கொடுத்தது, புத்தகத்தின் நிலை, மாணவரின் இனம். பதினோரு வெள்ளைப் பிள்ளைகள் கைமாறிய பிறகு, நிலை 'மிக மோசம்' என்று ஆனபின், பன்னிரண்டாவது வரியில் அவன் இனம், இழிசொல்லாக. பையன் புத்தகத்தைத் தரையில் வீசி மிதிக்கிறான். அதற்கு அடி வாங்குகிறான். ஏன் மிதித்தான் என்று காசி காட்டியும் ஆசிரியைக்குப் புரியவில்லை.

அவர்களுடைய அம்மாவும் அதே பள்ளியில் ஆசிரியை. செய்தி அவரிடம் போகிறது. அவர் யாரையும் திட்டுவதில்லை. காகிதத்தை அளவாக வெட்டி, பசை தடவி, காசி, தம்பி இருவரின் புத்தகங்களிலும் அந்தப் பட்டியல் தெரியாதபடி ஒட்டுகிறார். பிறகு தன் வகுப்புப் புத்தகங்களை எடுத்து, அவற்றிலும் ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்குகிறார்.