செல்லப்பிராணிகளின் ஒவ்வாமை: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நாய் பாதங்களை ஓயாமல் நக்குகிறது. வெள்ளை முடி செம்பழுப்பாக மாறிவிட்டது. இது வெறும் பழக்கமா?

பதில்: உமிழ்நீரில் உள்ள நிறமிகள் படிவதாலேயே முடி இவ்வாறு நிறம் மாறுகிறது, ஆகவே அது நெடுநாளாக நக்கி வருகிறது என்று கொள்ளலாம். மனிதர்களுக்குத் தும்மலாக வெளிப்படும் ஒவ்வாமை நாய்களிடம் பெரும்பாலும் தோல் அரிப்பாகவே வெளிப்படும். 6 மாதம் முதல் 3 வயதுக்குள் அரிப்பு தொடங்கி, பாதங்களோடு அக்குள், வயிறு, காது, முகம் ஆகிய இடங்களும் சிவந்திருந்தால், மகரந்தம், தூசியில் வாழும் நுண்பூச்சி, பூஞ்சை வித்து போன்றவற்றால் வரும் சூழல் ஒவ்வாமையாக இருக்கக்கூடும். ஒரே ஒரு பாதத்தை மட்டும் நக்கினால் முதலில் முள்ளையும் காயத்தையும் தேடுங்கள்.

கேள்வி: வாலின் அடிப்பகுதியைக் கடித்துக் கடித்து முடியே கொட்டிவிட்டது. தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை என்கிறார் மருத்துவர். ஆனால் ஒரு பூச்சிகூடக் கண்ணில் படவில்லையே?

பதில்: மருத்துவர் சொல்வதை நம்பலாம். தெள்ளின் உமிழ்நீரே ஒவ்வாமையைத் தூண்டுவதால், ஓரிரு கடிகளே பல நாள் அரிப்புக்குப் போதும். நக்கும்போதும் கடிக்கும்போதும் பூச்சிகளை நாயே விழுங்கிவிடுவதும் உண்டு. அடர்ந்த பற்களுள்ள சீப்பால் அந்த இடத்தை வாரி, உதிரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். பொடியைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் கசிந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் ஒரே சமயத்தில் மருந்திட வேண்டும். கூட்டுப்புழுக்கள் விரிப்புகளில் பல வாரங்கள் உயிரோடு கிடப்பதால், இடைவிடாமல் சில மாதங்கள் தொடர வேண்டும். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனைக்கு ஒருபோதும் இடாதீர்கள்; அது உயிரையே பறித்துவிடும்.

கேள்வி: உணவு ஒவ்வாமையை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாமா?

பதில்: இயலாது, அந்தப் பரிசோதனைகளின் முடிவுகள் நம்பத்தக்கவை அல்ல. இதுவரை உண்ணாத ஒரே புரதத்தையோ, மருத்துவர் பரிந்துரைக்கும் நீராற்பகுப்புப் புரத உணவையோ (புரதம் மிகச் சிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட உணவு) மட்டும் குறைந்தது 8 வாரங்கள் கொடுத்துப் பார்ப்பதே வழி. அரிப்பு தணிந்தபின் பழைய உணவை மீண்டும் கொடுக்கும்போது அது திரும்பினால்தான் உறுதியாகும். மேசையிலிருந்து நழுவும் ஒரு துண்டு, சுவையூட்டிய ஒரு மாத்திரை போன்றவைகூட இந்தச் சோதனையைக் கெடுத்துவிடும் என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஸ்டீராய்டு ஊசி போட்டால் அரிப்பு நிற்கிறது, சில வாரங்களில் திரும்பி வருகிறது. வேறு வழி இல்லையா?

பதில்: இருக்கிறது. ஸ்டீராய்டைக் குறுகிய காலத்துக்குப் பயன்படுத்துவதில் தவறில்லை. காரணத்தைத் தேடாமல் அதையே தொடர்வதுதான் எனக்குக் கவலை தருகிறது. மிகுந்த தாகமும் பசியும், தொற்றுகளும், நீரிழிவும் அதன் பின்விளைவுகளாக வரலாம். புளித்த வாடையோ, பிசுபிசுப்போ, கொப்புளமோ இருந்தால் பாக்டீரியா அல்லது ஈஸ்ட் தொற்று சேர்ந்திருக்கக்கூடும். அதைக் குணப்படுத்தாமல் எந்த அரிப்பு மருந்தும் முழுப் பயன் தராது. சொறிப்பூச்சி இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். அதன்பின் நாய்களுக்கு ஓக்லாசிடினிப் மாத்திரை, லோகிவெட்மாப் ஊசி, சைக்ளோஸ்போரின் ஆகியவை உள்ளன. காரணமான பொருளையே சிறுகச் சிறுகச் செலுத்திப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. பலன் தெரியப் பல மாதங்கள், சில வேளை ஓராண்டுகூட ஆகும் என்றாலும், இளம் வயது நாய்களுக்கு இதையே நான் முதலில் யோசிக்கச் சொல்வேன்.

கேள்வி: நான் உட்கொள்ளும் சளி மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் இருக்கிறது; ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடலாம்.

கேள்வி: எந்த நிலையில் உடனே ஓட வேண்டும்?

பதில்: பூச்சி கொட்டியபின்னோ தடுப்பூசிக்குப் பின்னோ முகம் வீங்கினாலும், திடீரென வாந்தி பேதி கண்டாலும், ஈறு வெளிறினாலும், நிற்க முடியாமல் சரிந்தாலும் தாமதிக்கக் கூடாது. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அதுவும் அவசரநிலையே. வீட்டு மருந்து எதையும் முயலாமல், மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லிக்கொண்டே புறப்படுங்கள்.