கொலைகாரன்ட பேர் தெரிஞ்சாப்புறகும் வாசிக்கலாமா? – வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. நான் களுவாஞ்சிக்குடியில படிப்பிக்கிறன். போன மாசம் லைப்ரரியில அகதா கிறிஸ்டிட ரோஜர் அக்ராய்ட் கொலைக் கதைய ஆசையா எடுத்து வந்து திறந்தா முதல் பக்கத்திலயே ஆரோ பென்சிலால கொலைகாரன்ட பேர எழுதி அடியில ரெண்டு கோடும் போட்டு வெச்சிருக்காங்க. அழுகையே வந்திட்டு அக்கா. இனி அத வாசிச்சு என்ன பிரயோசனம்? மற்றது, எங்கட வீட்டில ஒரு சண்டை. மர்மக்கதை எண்டா என்ட அவர் ராஜேஷ்குமார்தான் ஆள் எண்டுறார், நான் சுஜாதா எண்டுறன். நீங்க ஆர்ர பக்கம்?

பதில்: தங்கச்சி, வாசிங்க. இண்டைக்கே வாசிங்க. பென்சிலால எழுதின ஆள் செஞ்சது பெரிய அநியாயம்தான், அழிறப்பர் எடுத்து அத அழிச்சுப்போட்டுத்தான் புத்தகத்தத் திருப்பிக் குடுக்கணும், ஆனா உங்களுக்கு அந்தக் கதை கெடல்ல. அது 1926ல வந்த கதை, வந்த நேரம் வாசகர்மார் கனபேர் எங்கள ஏமாத்திட்டாங்க எண்டு கோபப்பட்டவங்க. நான் அத மூண்டு தரம் வாசிச்சிட்டன், முதல் தரத்த விட ரெண்டாந்தரம்தான் எனக்கு மேல் சிலிர்த்தது, ஏனெண்டா அந்த மனுசி ஒண்டையும் ஒளிக்கல்ல, எல்லாத்தையும் நம்மட கண்ணுக்கு முன்னாலயே வெச்சிருக்கா, நாமதான் பார்க்காமப் போயிருக்கம். எப்பிடி எண்டு இங்க எழுத மாட்டன், வாசிக்காத பிள்ளைகள் இருக்கும்.

எனக்கு மர்மக்கதைக்கு ஒரு அளவுகோல்தான் இருக்கு. கொலைகாரன் ஆரெண்டு தெரிஞ்சாப்புறகும் திரும்ப எடுத்து வாசிக்க மனசு வருதா இல்லையா? அதுதான். இது எனக்கு எப்ப விளங்கினதெண்டு சொல்றன். நான் பத்தாம் வகுப்பு படிக்கக்குள்ள யுத்தப் பிரச்சினை காலம், கரண்ட் இல்ல, குப்பி விளக்குதான். மச்சாள் ஒராள் ஒரு பாக்கெட் நாவல் கொண்டு வந்தா, அட்டையும் இல்ல, கடைசிப் பதினஞ்சு பதினாறு பக்கமும் இல்ல. கச்சான் கடலை சுத்திக் குடுக்கிறதுக்கு ஆரோ கிழிச்சிருக்கணும், தையல் நூல் மட்டும் தொங்கிக்கொண்டு கிடந்தது. நாங்க ரெண்டு பேரும் விளக்குத் திரியக் குறைச்சு வெச்சுக்கொண்டு ஒரு கிழமையா அந்தக் கதைக்கு முடிவு தேடினம். டாக்டர்தான் எண்டு அவ, இல்ல தோட்டக்காரன் எண்டு நான், அந்த மண்வெட்டி ரெண்டாம் அத்தியாயத்தில ஏன் ஈரமாக் கிடந்த எண்டு நான் விடாமக் கேக்க, மறுகா அவ திரும்ப முதல்ல இருந்து புரட்டுவா. கன வருசத்துக்குப் புறகு அதே கதை முழுசா கையில கிடைச்சுது. நிண்ட நிலையிலயே கடைசிப் பக்கத்தத் திறந்தன். கொலைகாரன் கடைசிக்கு முதல் அத்தியாயத்தில மட்டும் வந்த ஒரு ஆள்! அதுவரைக்கும் அவன்ட பேரே கதையில இல்ல. அந்த மண்வெட்டிக்கு ஒரு பதிலும் இல்ல. எழுதினவர்ர பேர் இங்க வேண்டாம், ஆனா எனக்கு அண்டைக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுசா அடங்கல்ல. வாசிக்கிற ஆளும் எழுதுற ஆளும் ஒரே தடயத்தப் பார்க்கணும், அதுதான் இந்த விளையாட்டுக்கு நீதி.

கிறிஸ்டிய நான் நம்புறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அவ முதலாம் உலக யுத்த நேரம் ஆஸ்பத்திரியில மருந்து கலக்கிற இடத்தில வேலை செஞ்சவ, விஷத்தப் பத்தி அங்கதான் படிச்ச. 1920ல அவட முதல் நாவல் வந்தாப்புறகு, மருந்துத் துறைக்காரர்ட பத்திரிகை ஒண்டு விஷ விசயம் சரியா எழுதியிருக்கெண்டு பாராட்டினது, அவவுக்கு அதில நல்ல சந்தோசம். எழுதுற விசயத்தக் கையால தொட்டு அறிஞ்ச ஆள் ஏமாத்தத் தேவையில்லத்தானே.

இனி உங்கட வீட்டுச் சண்டை. ராஜேஷ்குமாரக் குறைவாச் சொன்னா நான் உங்கட அவர்ர பக்கம்தான் வந்து நிப்பன். கோயம்புத்தூர்ல இருந்துகொண்டு 1500க்கு மேல நாவல் எழுதின மனுசன், ரெண்டு கதைய ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லாத மாதிரி மாறி மாறிக் கொண்டு போய்க் கடைசியில ஒரே முடிச்சில கட்டுவார் பாருங்க, அது லேசான வேலை இல்ல. மட்டக்களப்பில பஸ் ஏறி அவர்ர துப்பறியிற சோடி விவேக்கும் ரூபலாவும் வாற கதையத் திறந்தா கல்முனை வந்ததே தெரியாது. நம்மட ஊர்ல எத்தனையோ பேருக்கு வாசிக்கிற பழக்கம் வந்ததே அவரால. ஆனா இறங்கினாப்புறகு அந்தப் புத்தகத்தத் திரும்ப எடுக்கிறனா எண்டா, நேர்மையாச் சொல்றன், கனக்க எடுக்கிறல்ல.

சுஜாதாவ எடுக்கிறன். 1968ல குமுதத்தில வந்த நைலான் கயிறுல இருந்து அவர்ர லோயர் கணேஷ் நம்மளோட வாறார். மற்றவங்க ஒரு பக்கத்தில சொல்றத அவர் ரெண்டு வசனத்தில சொல்லிப்போட்டுப் போயிருவார், மிச்சத்த நாம யோசிக்கணும். பகல்ல கம்பனியில எலக்ட்ரோனிக்ஸ் வேலை, ராத்திரியில எழுத்து, அந்த எஞ்சினியர் புத்தி கதையில தெரியும், ஒரு ஆணி கூடச் சும்மா கிடக்காது. எனக்குப் பிடிக்காத விசயமும் இருக்கு. கணேஷ்ட ஜூனியர் வசந்த் பொம்பிளைப் பிள்ளைகளப் பார்த்து விடுற பகிடிகள் சின்ன வயசில சிரிப்பா இருந்தது, இப்ப என்ட மகள் வாசிக்கக்குள்ள எனக்கு மனசு ஒப்புதில்ல. அத அவளுக்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் புத்தகத்தக் குடுத்தன். அப்பிடியிருந்தும் நான் உங்கட பக்கம்தான் தங்கச்சி.

கேள்வி: அக்கா, நான் கல்முனையில கணக்கு டியூஷன் எடுக்கிறன். ஜப்பான்காரர் கெய்கோ ஹிகாஷினோ எழுதின, கணக்கு வாத்தியார் வாற கதைய வாசிச்சன். கொலைய ஆர் செஞ்சதெண்டு துவக்கத்திலயே சொல்லிட்டார். இத மர்மக்கதை எண்டு சொல்லலாமா?

பதில்: தாராளமாச் சொல்லலாம் தம்பி. ஆர் எண்டத முதலே குடுத்துப்போட்டு, எப்பிடி மறைச்சாங்க, ஏன் மறைச்சாங்க எண்டு கடைசிவரைக்கும் நம்மளத் தேட வெச்சாரே, 2005ல வந்த அந்தக் கதையில எனக்குக் கண்ணீரே வந்தது, அதுவும் அந்த வாத்தியார்ர தனிமைய நினைச்சு. கணக்கு வாத்தியார் நீங்க, விடை தெரிஞ்ச கணக்குக்குச் செய்கை காட்டச் சொல்லிப் பிள்ளைகளக் கேக்கிறதில்லையா? இது பிடிச்சா அமெரிக்க எழுத்தாளர் பட்ரிசியா ஹைஸ்மித்தையும் வாசிங்க. 1955ல ரிப்ளி எண்ட ஒருத்தனக் கொண்டு வந்தா, கொலை செஞ்சவன் அவன்தான் எண்டு நமக்கு நல்லாத் தெரியும், ஆனா பொலிஸ் கிட்ட வரக்குள்ள நமக்கு வேர்க்கும்.

கேள்வி: ஷேர்லொக் ஹோம்ஸ் இலங்கைக்கு வந்தவர் எண்டு எங்கட வாப்பா சொல்லுவார். உண்மையா? (வாசகி, காத்தான்குடி)

பதில்: வாப்பா சரியாத்தான் வாசிச்சிருக்கார். 1891ல வந்த ஹோம்ஸ் சிறுகதை ஒண்டில, அவர் திருகோணமலையில அட்கின்சன் சகோதரர்கள்ட விசித்திரமான சோகத்தத் துப்புத் துலக்கினதா ஒரு வரி வரும். ஒரே ஒரு வரிதான், என்ன நடந்ததெண்டு ஹோம்ஸ எழுதின கொனன் டொயில் விரிச்சு எழுதாமலே விட்டுட்டார். 1893ல ஹோம்ஸச் சாகடிச்சு, சனம் விடாததால 1903ல திரும்பவும் எழுப்பிக் கொண்டு வந்தவர், இதையும் எழுதியிருக்கலாம் எண்டு எனக்கு இன்னமும் மனத்தாங்கல். வாப்பாக்கு என்ட சலாம் சொல்லுங்க.

கேள்வி: நான் பெரியகல்லாறு. நம்மட பக்கத்தில ஏன் துப்பறியும் நாவல் அவ்வளவா இல்ல? நான் ஒண்டு எழுதத் துவங்கியிருக்கன். ஆத்தில வெறுந்தோணி ஒண்டு மிதந்து வருது, ஆள் இல்ல. இப்பிடித் துவங்கலாமா?

பதில்: இலங்கையில வந்த முதல் தமிழ் நாவலா சொல்ற, 1885ல சித்திலெப்பை எழுதின அசன்பே சரித்திரத்தில பிள்ளையக் களவாக் கொண்டு போறதும் தேடுறதும் எல்லாம் இருக்கு தம்பி. விதை இல்லாமப் போகல்ல. நான் நினைக்கிற காரணம் வேற. நம்மட ஊர்ல யுத்த காலத்தில காணாமப் போன பிள்ளைட படத்த மடியில வெச்சுக்கொண்டு இருக்கிற அம்மாமார் இன்னும் இருக்காங்க. ஒராள் காணாமப் போறதும், இருநூறாவது பக்கத்தில ஒரு துப்பறிவாளர் வந்து விடை சொல்றதும் நமக்கு லேசில கை வாறல்ல. அதுக்காக எழுதாம விடாதீங்க. காணாமப் போன ஆளுக்கு ஒரு வீடு குடுங்க, அவருக்குச் சோறு மூடி வெச்சுக்கொண்டு இருக்கிற ஒராளக் குடுங்க, வெறும் புதிரா விட்டிராதீங்க.

துவக்கம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஒண்டு மட்டும், அந்த ராத்திரி அடிச்சது மேற்கால வாற கச்சான் காத்தா வடக்கால வாற வாடைக் காத்தா எண்டத முதல் பக்கத்திலயே போட்டிருங்க, தோணி எந்தக் கரையில இருந்து வந்திருக்கும் எண்டு ஆத்துத் தொழில் தெரிஞ்ச வாசகர் அதிலயே பிடிச்சிருவார். முதல் அத்தியாயம் முடிஞ்ச உடன எனக்கு அனுப்புங்க.