பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி: ஆட்டோமேட்டிக்கில் கியர் மாற்றுவது பற்றிக் கேட்டவையும் பதில்களும்

மேனுவல் ஓட்டிப் பழகிவிட்டு, பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில், சொகுசு ஆட்டோமேட்டிக் வாங்கியவர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், பழைய பென்ஸ் சி கிளாஸ் ஒன்று எடுத்திருக்கிறேன். நடுவில் கியர் லீவரே இல்லை, ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குச்சிதான். இண்டிகேட்டர் போடப் போய் அடிக்கடி அதைத் தட்டிவிடுகிறேன். கியர்பாக்ஸ் போய்விடுமா?

பதில்: போகாது. மாருதி, ஹூண்டாயில் இருந்து பென்ஸுக்கு வரும் எல்லோருக்கும் இது நடக்கும். அந்த வண்டிகளில் இண்டிகேட்டர் வலது கைப்பக்கம். பென்ஸில் இண்டிகேட்டர், வைப்பர் இரண்டும் இடது குச்சியில், வலது குச்சிதான் கியர். கீழே தட்டினால் ‘டி’ (டிரைவ், முன்னால் ஓட்ட), மேலே தட்டினால் ‘ஆர்’ (ரிவர்ஸ்), நுனியில் உள்ள பட்டனை அழுத்தினால் ‘பி’ (பார்க்கிங்). ஓடிக்கொண்டிருக்கும்போது தெரியாமல் கீழே தட்டினால் ஒன்றும் ஆகாது, ஏற்கெனவே ‘டி’யில்தானே இருக்கிறீர்கள். மேலே தட்டினால் நியூட்ரலுக்குப் போய்விடும். அந்த வேகத்தில் ‘ஆர்’ விழ கம்ப்யூட்டர் விடாது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமும், வண்டி இழுக்காது. காலை எடுத்துவிட்டுக் குச்சியைக் கீழே தட்டுங்கள், ‘டி’ வந்துவிடும். கியர்பாக்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம், லாரியை ஓவர்டேக் செய்யும்போது இழுவை போவதுதான் ஆபத்து. அதனால் கை பழகும்வரை ஹைவே பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: அண்ணா, பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் லீவரை முன்னால் தள்ளினாலும் பின்னால் இழுத்தாலும் நடுவுக்கே வந்து நிற்கிறது. எந்த கியரில் இருக்கிறேன் என்று எப்படித் தெரியும்?

பதில்: லீவரைப் பார்த்துத் தெரியாது தம்பி, மீட்டரில் எழுத்தைப் பார்க்க வேண்டும். அது பெயருக்குத்தான் லீவர். உண்மையில் காலிங் பெல் மாதிரி ஒரு சுவிட்ச், நீங்கள் கேட்கிறீர்கள், கொடுப்பதும் மறுப்பதும் கம்ப்யூட்டர். பிரேக்கை மிதித்து, பக்கவாட்டு பட்டனை அழுத்திக்கொண்டு முன்னால் தள்ளினால் ரிவர்ஸ், பின்னால் இழுத்தால் ‘டி’. நிறுத்தியதும் மேலே உள்ள ‘பி’ பட்டன். எழுத்தைப் பார்க்காமல் இறங்கவே கூடாது. ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் சார்ஜர் போன்றவற்றிலும் இப்படி நடுவுக்குத் திரும்பும் லீவர்தான் இருந்தது. ‘பி’ விழுந்துவிட்டது என்று நம்பி ஓட்டுநர்கள் இறங்க, வண்டி உருண்டுபோன சம்பவங்களால் 2016-ல் ஃபியட் கிரைஸ்லர் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று: லீவரை இடப்பக்கம் தள்ளினால் மேனுவல், அதாவது கியரை நீங்களே மாற்றும் முறை. அதில் பிஎம்டபிள்யூ முன்னால் தள்ளினால் கியரைக் குறைக்கும், பின்னால் இழுத்தால் கூட்டும். ஆடியில் நேர் எதிர். எனக்கு பிஎம்டபிள்யூ முறைதான் சரி என்று படுகிறது, பிரேக் பிடிக்கும்போது உடம்பும் முன்னால்தானே போகிறது.

கேள்வி: சிக்னலில் ஒவ்வொரு முறையும் நியூட்ரலுக்கு மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். ‘டி’யிலேயே விட்டு பிரேக்கில் கால் வையுங்கள், ஆட்டோ ஹோல்டு இருந்தால் அதுவே பிடித்துக்கொள்ளும். ரயில்வே கேட் மாதிரி நீண்ட நேரம் என்றால் ‘பி’.

கேள்வி: ஸ்டியரிங் பின்னால் இருக்கும் பேடில் ஷிஃப்ட்டரை எப்போது பயன்படுத்துவது? எட்டு கியர் இருக்கும் வண்டியில் நாமே மாற்றிக்கொண்டிருப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

பதில்: சமவெளியில் இல்லை. பிஎம்டபிள்யூவில் பெரும்பாலும் வருவது ஜெட்எஃப் கம்பெனியின் 8 ஸ்பீடு கியர்பாக்ஸ், அது உங்களைவிட வேகமாகவும் நிதானமாகவும் மாற்றும். சட்டென்று ஓவர்டேக் செய்ய வேண்டுமானாலும் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தால் போதும், தானாகவே இரண்டு மூன்று கியர் இறங்கும். பேடில் உண்மையில் தேவைப்படுவது மலை இறங்கும்போது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, ஆழியாரில் இருந்து வால்பாறைக்கு 40. அதில் ‘டி’யிலேயே விட்டால் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் பழக்கத்தில் கியர்பாக்ஸ் நான்கு, ஐந்து என்று மேலே போகப் பார்க்கும், முழு வேலையும் பிரேக் தலையில் விழும். கிட்டத்தட்ட இரண்டு டன் வண்டி இது, பிரேக் பேட் சூடேறி நாற்றம் வரும், அப்புறம் மிதித்தால் பிடிக்காது. இறக்கம் தொடங்கும் முன்பே மேனுவலுக்கு மாற்றிவிட்டு கியரைக் குறைக்கும் இடது பேடிலைத் தட்டி மூன்றுக்கு வாருங்கள், வளைவு நெருக்கமானால் இரண்டு. இன்ஜினே பிடித்து இழுக்கும், பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் தொட்டால் போதும். வெறும் ‘டி’யில் பேடிலைத் தட்டினால் கொஞ்ச நேரத்தில் அது திரும்ப ஆட்டோவுக்குப் போய்விடும், அதனால்தான் மேனுவல் என்கிறேன். தப்பான கியர் கேட்டுவிடுவோமோ என்ற பயம் வேண்டாம், இன்ஜின் தாங்காத வேகத்தில் கியரைக் குறைக்க அது சம்மதிக்காது. நியூட்ரலில் மட்டும் மலை இறங்காதீர்கள், டீசல் மிச்சமாகும் என்று யார் சொன்னாலும் சரி.

கேள்வி: எங்கள் வீட்டு வாசல் சரிவு. ‘பி’யில் இருந்து எடுக்கும்போது ‘டக்’ என்று பெரிய சத்தம் வருகிறது. பயமாக இருக்கிறது சார்.

பதில்: ‘பி’ போட்டால் கியர்பாக்ஸுக்குள் ஒரு சிறு கொக்கி பல்லில் மாட்டும், அவ்வளவுதான். சரிவில் முழு வண்டியும் அந்தக் கொக்கியில் தொங்கிக்கொண்டு நிற்கிறது, எடுக்கும்போது அதுதான் சத்தம் போடுகிறது. வரிசையை மாற்றுங்கள் அம்மா. காலில் பிரேக்கைப் பிடித்தபடி நியூட்ரல், பிறகு பார்க்கிங் பிரேக், காலை மெதுவாக எடுத்து வண்டி அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள், கடைசியாக பிரேக்கை மிதித்து ‘பி’. சத்தம் நின்றுவிடும்.

கேள்வி: பென்ஸ் ஜிஎல்ஏ வைத்திருக்கிறேன். சென்னை ஓஎம்ஆர் நெரிசலில் ஊர்ந்து போகும்போது கியர்பாக்ஸ் உதறுகிறது.

பதில்: உங்களுடையது இரட்டை கிளட்ச் வகை, உள்ளே இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிக்கும். அடி அடியாக நகர்த்தினால் கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே தேய்ந்து சூடாகும். முன் வண்டிக்குக் கொஞ்சம் இடம் விட்டு, ஒரே மூச்சில் நகர்ந்து, முழுதாக நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். பிறகும் உதறினால் ஒர்க்‌ஷாப்பில் காட்ட வேண்டியதுதான்.

கேள்வி: கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்கிறார்களே?

பதில்: கார் கம்பெனி அப்படிச் சொல்லலாம். பிஎம்டபிள்யூவுக்குக் கியர்பாக்ஸைச் செய்த ஜெட்எஃப்பே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. நான் செய்தவன் பேச்சைத்தான் கேட்பேன். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் பழைய பில்லில் இது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

கேள்வி: வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கலாமா?

பதில்: கூடாது. இன்ஜின் ஓடாவிட்டால் கியர்பாக்ஸுக்குள் ஆயில் பம்பும் ஓடாது, சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே காய்ந்துபோய்த் தேயும். நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை போகும் (ஆல் வீல் டிரைவ்) வண்டி என்றால் ஒரு பக்கம் தூக்கி இழுப்பதும் ஆகாது. தட்டையான தளம் உள்ள (ஃபிளாட்பெட்) டிரக்கைக் கூப்பிட்டு முழு வண்டியையும் மேலே ஏற்றச் சொல்லுங்கள்.